எஃகு ஸ்கூபா சிலிண்டரைத் தேர்ந்தெடுத்தல்

எஃகு சிலிண்டர் கடலுக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மூச்சுக்கான காற்றைச் சுமப்பது ஒன்று. முக்குளிப்பவரை மேலே மிதந்துவிடாமல் பிடித்துவைக்கும் எடையாக இருப்பது மற்றொன்று. முதல் வேலையை மட்டும் மனத்தில் கொண்டு, எத்தனை லிட்டர், எத்தனை பார் என்று விசாரித்து வாங்கிவிடுவதுதான் பரவலாக நடக்கிறது. இரண்டாவதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கிய சிலிண்டர் தரையில் நன்றாகவே இருக்கும். நீருக்குள் இறங்கிய பிறகு, கழற்றி வைக்க முடியாத சுமையாகிவிடும்.

ஆகவே தேர்வு ஒரு வரிசைப்படி நடக்க வேண்டும்: முதலில் நீருக்குள் எடை, அடுத்து காற்று நிரப்பும் இடத்தில் கிடைக்கும் அழுத்தம், பிறகு கொள்ளளவு, உடல்வாகு, முத்திரை, வால்வு. பூச்சும் விலையும் கடைசியில் வரட்டும். இந்த அத்தியாயம் முதுகில் ஒற்றைச் சிலிண்டர் மாட்டிப் பொழுதுபோக்காக முக்குளிப்பவருக்கு உரியது.

அலுமினியத்திலிருந்து மாறும்போது

வெதுவெதுப்பான கடல்களில் உள்ள பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் அலுமினியச் சிலிண்டர்களையே வைத்திருக்கின்றன. ‘அலுமினியம் 80’ என்று அழைக்கப்படும் வகைதான் அவற்றில் மிகப் பரவலானது. அதன் உள் கொள்ளளவு 11.1 லிட்டர், வேலை அழுத்தம் 207 பார், வால்வு நீங்கலான எடை ஏறத்தாழ 14.2 கிலோ. 12 லிட்டர் எஃகு சிலிண்டரும் தரையில் ஏறக்குறைய அதே 14 கிலோதான் இருக்கும். கையால் தூக்கிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நீருக்குள் நிலைமை வேறு. அலுமினியத்தின் வலிமை குறைவு என்பதால் சுவரைத் தடிமனாக அமைக்க வேண்டியிருக்கிறது; அந்தத் தடிமன் கூடுதல் நீரை விலக்குகிறது. காற்று தீரத் தீர அலுமினியம் 80 மேலெழத் தொடங்கி, காலியாகும்போது கடல்நீரில் 2 கிலோ அளவுக்கு மிதக்கிறது. முக்குளிப்பின் கடைசியில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில்தான் இந்த மிதப்பு தொல்லை தரும். அதை அடக்கவே இடுப்பில் கூடுதலாக ஈயம் கட்டப்படுகிறது. 12 லிட்டர் எஃகு சிலிண்டரோ காலியான பிறகும் அரை கிலோவுக்குச் சற்று மேல் கீழ்நோக்கியே இழுக்கும். எஃகுக்கு மாறுபவர் இரண்டரை கிலோ ஈயத்தைக் கழற்றி வைக்கலாம் என்று சொல்லப்படுவது இந்தக் கணக்கினால்தான். சிலிண்டரின் எடை மாறாமல் ஈயம் மட்டும் குறைவதால், படகில் ஏறும்போது முதுகும் முழங்காலும் சுமக்கும் மொத்தப் பாரமும் அந்த அளவு குறைகிறது.

எஃகின் எதிரி துரு. அலுமினியத்திலும் அரிப்பு உண்டு; ஆனால் உள்ளே உப்புநீர் புகுந்த எஃகு சிலிண்டர் சில வாரங்களிலேயே கெட்டுப்போக முடியும். பராமரிப்பில் அக்கறை இல்லாதவர் எஃகு வாங்காமல் இருப்பதே நல்லது.

நீருக்குள் எடை: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தயாரிப்பாளரின் அட்டவணையில் நீருக்குள் எடை கொடுக்கப்பட்டிருக்கும். ஆனால் அது வால்வோடு சேர்த்தா, நன்னீரிலா, கடல்நீரிலா என்பது எல்லா அட்டவணைகளிலும் தெளிவாக இருப்பதில்லை. சிலிண்டரின் தோளில் உள்ள இரண்டு எண்களைக் கொண்டு இந்தக் கணக்கை எவரும் போட்டுவிடலாம்.

1. சிலிண்டரின் எடையைக் கிலோவில் குறித்துக்கொள்ள வேண்டும். முத்திரையில் உள்ளது பெரும்பாலும் வால்வு நீங்கலான எடை.

2. அந்த எடையை எஃகின் அடர்த்தியான 7.8 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது உலோகம் மட்டும் விலக்கும் நீரின் அளவு, லிட்டரில். 14 கிலோ என்றால் 1.8 லிட்டர்.

3. அதோடு உள் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். 12 லிட்டர் சிலிண்டருக்கு 13.8 லிட்டர் வரும்.

4. அதைக் கடல்நீரின் அடர்த்தியான 1.025 ஆல் பெருக்க வேண்டும். 14.1 கிலோ வருகிறது. இது நீர் மேல்நோக்கித் தள்ளும் அளவு.

5. சிலிண்டரின் எடையிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். 14 கழித்தல் 14.1, ஏறத்தாழ சுழி. வால்வு நீருக்குள் 0.7 கிலோ அளவுக்கு இழுக்கும். ஆக, காலிச் சிலிண்டர் 0.6 கிலோ கீழே இழுக்கிறது.

6. நிறைந்த நிலையைத் தெரிந்துகொள்ள, காற்றின் எடையைச் சேர்க்க வேண்டும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். 12 லிட்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர், அதாவது 2.9 கிலோ. முக்குளிப்பின் தொடக்கத்தில் இந்தச் சிலிண்டர் மூன்றரை கிலோ இழுக்கும்.

இதே கணக்கை 18 கிலோ எடையுள்ள 12 லிட்டர், 300 பார் சிலிண்டருக்குப் போட்டால் காலியிலேயே 4 கிலோ வருகிறது. மெல்லிய 3 மில்லிமீட்டர் உடையில், அலுமினியம் 80 உடன் 3 கிலோ ஈயம் மட்டும் கட்டுபவர் ஒருவர் இதை வாங்கினால் என்ன ஆகும்? இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 6 கிலோ. ஈயம் முழுவதையும் கழற்றிவிட்டாலும் 3 கிலோ மிகுதியாக நிற்கிறது. அதைக் குறைக்க வழியே இல்லை. முக்குளிப்பு முழுவதும் மிதவைச் சட்டையில் காற்றை ஊதி ஊதித்தான் சமாளிக்க வேண்டும்.

மிதவைச் சட்டை கிழிந்தாலோ அதன் ஊதுகுழாய் கழன்றாலோ ஆபத்து தொடங்குகிறது. ஈயப் பட்டை கட்டியவர் அதை அவிழ்த்துவிட்டு மேலே வரலாம்; சிலிண்டரை அவிழ்த்துவிட முடியாது. வெட் சூட்டின் நுரையும் ஆழத்தில் அழுந்தித் தன் மிதப்பில் பெரும்பகுதியை இழந்திருக்கும். ஆகவே உறுதியான விதி ஒன்று உண்டு: மிதவைச் சட்டை செயலிழந்தாலும், அவிழ்க்கக்கூடிய எடைகளை விட்டபின், நிறைந்த சிலிண்டரோடு துடுப்பு உதைத்தே மேலே வர முடிய வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத சிலிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குறிப்பு: குளிர்ந்த நீரில் ட்ரை சூட் அல்லது 7 மில்லிமீட்டர் உடை அணிபவருக்கு 8, 10 கிலோ ஈயம் தேவைப்படலாம். அவருக்குக் கனமான எஃகு சிலிண்டர் வரம்தான். ஒரே சிலிண்டர் பால்டிக் கடலில் பொருத்தமாகவும் மன்னார் வளைகுடாவில் அபாயமாகவும் இருக்க முடியும். மற்றவரின் பரிந்துரையைக் கேட்கும்போது, அவர் எந்தக் கடலில் எந்த உடையில் முக்குளிக்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

அழுத்தம்: நிரப்பும் இடம்தான் முடிவு செய்கிறது

ஐரோப்பிய எஃகு சிலிண்டர்கள் முக்கியமாக 232 பார், 300 பார் என்ற இரண்டு வேலை அழுத்தங்களில் வருகின்றன. 200 பார் வகையும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் குறைந்த அழுத்த வகை 2,400 பி.எஸ்.ஐ., அதாவது 165 பார். உயர் அழுத்த வகை 3,442 பி.எஸ்.ஐ., அதாவது 237 பார். குறைந்த அழுத்த வகையில், சோதனைத் தேதியை ஒட்டி ‘+’ குறி இருந்தால் 10 சதவீதம் கூடுதலாக, 2,640 பி.எஸ்.ஐ. வரை நிரப்ப அனுமதி உண்டு. அந்தக் குறி நிரந்தரமானதல்ல. ஒவ்வொரு மறுசோதனையிலும் தகுதி பெற்று மீண்டும் குத்தப்பட வேண்டும்.

வாங்கும் முன், வழக்கமாகக் காற்று நிரப்பும் இடத்துக்குப் போய் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: சிலிண்டர் ஆறிய பிறகு எத்தனை பார் நிற்கும்? அலுமினியச் சிலிண்டர்களை மட்டும் நிரப்பும் நிலையங்கள் 200 பாரில் நிறுத்திக்கொள்கின்றன. அங்கே 300 பார் சிலிண்டரைக் கொண்டுபோனால், மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவைப் பயன்படுத்தாமலே அதன் தடித்த சுவரின் பாரத்தை மட்டும் சுமந்து திரும்ப வேண்டும்.

300 பாரில் நிரப்பும் வசதி இருந்தாலும் இன்னொரு விஷயம் உண்டு. அவ்வளவு அழுத்தத்தில் காற்று எளிய பெருக்கல் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. 10 லிட்டர் சிலிண்டரில் 300 பார் என்றால் 3,000 லிட்டர் என்று தோன்றும். உண்மையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்து 2,700 லிட்டர் அளவுதான் உள்ளே இருக்கும். 12 லிட்டர் சிலிண்டரை 232 பாரில் நிரப்பினாலும் ஏறக்குறைய அதே காற்று கிடைத்துவிடுகிறது. வெப்பக் கடலில் ஒற்றைச் சிலிண்டர் மாட்டுபவருக்கு 300 பார் வகை தேவையில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அமெரிக்கப் பெயர்களால் வரும் குழப்பம் தனி வகை. அங்கே 80, 100, 120 என்ற எண்கள் கன அடியில் காற்றின் அளவைக் குறிக்கின்றன. அதுவும் முழு வேலை அழுத்தத்தில் நிரப்பினால் கிடைக்கும் அளவு. உயர் அழுத்த எஃகு 80இன் உள் கொள்ளளவு 10 லிட்டர் அளவுதான். 200 பார் மட்டும் நிரப்பும் நிலையத்தில் அது 11.1 லிட்டர் அலுமினியம் 80ஐ விடக் குறைவான காற்றையே ஏற்கும். பெயரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, லிட்டரில் உள் கொள்ளளவு என்ன என்பதைக் கொண்டே எல்லாச் சிலிண்டர்களையும் ஒப்பிட வேண்டும்.

பொதுவான தவறு: குறைந்த அழுத்தச் சிலிண்டரை வாங்கி, வரம்பை மீறி நிரப்பிக்கொள்வது. வட புளோரிடாவின் குகை முக்குளிப்பு வட்டாரத்தில் நெடுநாளாக இருந்துவரும் பழக்கம் இது. எஃகு தாங்கும் என்பது வாதம். சிலிண்டரின் ஆயுளும் பாதுகாப்பு இடைவெளியும் முத்திரையில் உள்ள அழுத்தத்தை வைத்தே கணக்கிடப்பட்டிருக்கின்றன. கூடுதல் காற்று வேண்டுமென்றால் பெரிய சிலிண்டர்தான் வழி.

எத்தனை லிட்டர்?

ஒற்றைச் சிலிண்டராக 10, 12, 15 லிட்டர் அளவுகள்தான் நடைமுறையில் உள்ளன. 18 லிட்டரும் உண்டு. அதைத் தூக்கி நடக்கத் தனி உடல்வலு வேண்டும். தேவையை இப்படிக் கணக்கிடலாம்:

1. மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் மூச்சுக்காற்று செலவாகிறது என்பதைப் பழைய முக்குளிப்புப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். பதிவு இல்லாதவர் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. வழக்கமான ஆழத்தின் மொத்த அழுத்தத்தால் பெருக்க வேண்டும். 18 மீட்டரில் 2.8 பார். ஆக, நிமிடத்துக்கு 56 லிட்டர்.

3. நிரப்பும் அழுத்தத்தில் 50 பாரைக் கையிருப்பாகக் கழித்து, மிச்சத்தைக் கொள்ளளவால் பெருக்க வேண்டும். 12 லிட்டரில் 200 பார் இருந்தால் செலவிடக்கூடியது 1,800 லிட்டர்.

4. மூன்றாவது எண்ணை இரண்டாவதால் வகுத்தால் நேரம் கிடைக்கும்: 12 லிட்டரில் 32 நிமிடம், 10 லிட்டரில் 27 நிமிடம், 15 லிட்டரில் 40 நிமிடம்.

10க்கும் 15க்கும் இடையில் 13 நிமிடம்தான் வித்தியாசம். அந்த 13 நிமிடத்துக்காகச் சுமக்க வேண்டிய கூடுதல் பாரம் 5, 6 கிலோ இருக்கும். குழுவில் மற்றவர்கள் 12 லிட்டர் வைத்திருந்தால், ஒருவரிடம் மட்டும் 15 லிட்டர் இருப்பதால் முக்குளிப்பு நீளாது. முதலில் காற்றுத் தீர்பவரோடு எல்லோரும் மேலே வர வேண்டும். காற்றை மிகுதியாகச் செலவழிப்பவர் குழுவுக்கு ஈடுகொடுக்க 15 லிட்டர் வாங்குவதில் நியாயம் உண்டு. சிறிய உடல்வாகும் நிதான மூச்சும் உள்ளவருக்கு 10 லிட்டரே நிறைவானது. ஏனையோருக்கு 12 லிட்டர், 232 பார் என்பதிலிருந்து விலக வலுவான காரணம் வேண்டும்.

உயரமும் விட்டமும்

ஒரே 12 லிட்டர் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: 171 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெட்டை, 203 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டை. நெட்டைச் சிலிண்டர் முதுகோடு ஒட்டி நிற்கும். ஆனால் உயரம் குறைந்தவருக்கு அதன் மேல்முனை பின்தலையில் இடிக்கும் அல்லது கீழ்முனை பிட்டத்துக்குக் கீழே தொங்கும். குட்டைச் சிலிண்டரின் எடை முதுகின் மேற்பகுதியில் குவிவதால், காலில் கனமான துடுப்பு அணிபவரை அது சமநிலைப்படுத்தும். சிலரை மட்டும் பக்கவாட்டில் உருட்டப் பார்க்கும்.

கடையில் மிதவைச் சட்டையோடு மாட்டிப் பார்ப்பது கட்டாயம். மாட்டியபடி மரப்பலகையில் உட்கார வேண்டும். சிலிண்டரின் அடி பலகையை முட்டினால் அது அதிக நீளம். தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் தலையில் இடிக்கக் கூடாது. மிதவைச் சட்டையின் பட்டை 203 மில்லிமீட்டர் விட்டத்தைச் சுற்றி வந்து முழுதாகப் பூட்டுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

தோளில் உள்ள முத்திரையைப் படித்தல்

சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே உள்ள வளைந்த பகுதியில் எழுத்துகளும் எண்களும் ஆழமாகக் குத்தப்பட்டிருக்கும். ஒட்டுத்தாளில் அச்சிட்டது எதுவும் இதற்கு ஈடாகாது. ஐரோப்பியச் சிலிண்டரில் பார்க்க வேண்டியவை: ஈ.என். ஐ.எஸ்.ஓ. 9809 அல்லது பழைய ஈ.என். 1964 என்ற தர எண், வேலை அழுத்தம், அதைப்போல் ஒன்றரை மடங்கான சோதனை அழுத்தம் (232 பாருக்கு 348 பார்), லிட்டரில் கொள்ளளவு, கிலோவில் எடை, சுவரின் குறைந்தபட்சத் தடிமன், கழுத்து மரையின் அளவு, தயாரிப்பாளர், வரிசை எண், முதல் சோதனைத் தேதி. அமெரிக்கச் சிலிண்டரில் டி.ஓ.டி.-3ஏஏ என்ற குறியும் அதையடுத்து வேலை அழுத்தமும் இருக்கும். 3ஏஏ என்பது குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு வகைகளை உள்ளடக்கிய தரம். 3,442 பி.எஸ்.ஐ. சிலிண்டர்கள் சிறப்பு அனுமதி எண்ணோடு வருகின்றன. அவற்றுக்கு ‘+’ சலுகை கிடையாது.

மறுசோதனைத் தேதியைத் தவறவிடக் கூடாது. அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பது தொழில் வழக்கம். பிரிட்டனில் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தமும் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை உள்பார்வையும் நடக்கின்றன. தேதி கடந்த சிலிண்டரைப் பொறுப்புள்ள எந்த நிலையமும் நிரப்பாது.

முத்திரை தேய்க்கப்பட்டிருந்தாலோ, ஒரு எண்ணின்மேல் இன்னொன்று குத்தப்பட்டிருந்தாலோ, வேறொரு வாயுவின் பெயர் இருந்தாலோ, விலை பேச வேண்டாம். தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டருக்குப் புது வண்ணம் பூசி வால்வை மாற்றி மூச்சுக்காற்றுக்கு விற்பது மிக மோசமான செயல். அதன் உள்ளே என்னென்ன இருந்தன என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வால்வும் கழுத்து மரையும்

ரெகுலேட்டர் மாட்டும் முனை இரண்டு வகை. கவ்விப் பிடிக்கும் யோக் வகை 232 பார் வரைதான். திருகி மாட்டும் டின் வகையில், 232 பார் வால்வுக்கு ஐந்து மரை, 300 பார் வால்வுக்கு ஏழு மரை. 300 பார் ரெகுலேட்டர் இரண்டிலும் பொருந்தும். 232 பாருக்கான குட்டை முனை 300 பார் வால்வில் காற்றை அடைத்து இறுகாதபடி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. டின் வால்வின் உள்ளே ஒரு செருகியைத் திருகிவைத்தால் யோக் ரெகுலேட்டரையும் மாட்ட முடிகிற இருவழி வால்வுகள் 232 பாரில் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவருக்கு அதுவே சிறந்தது.

உயிருக்கு ஆபத்தான குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது: சிலிண்டருக்குள் வால்வு திருகப்படும் கழுத்து மரையில். ஐரோப்பாவில் எம்25×2 என்ற மெட்ரிக் மரை. அமெரிக்காவில் முக்கால் அங்குல நேர் மரை. பழைய பிரிட்டிஷ் சிலிண்டர்களில் முக்கால் அங்குல பிரிட்டிஷ் குழாய் மரை. எம்25 வால்வை முக்கால் அங்குலக் கழுத்தில் திருகினால் சற்றுத் தளர்வாக ஏறி, அடியில் இறுகி நிற்பதுபோலத் தோன்றும். ஓ-ரிங் காற்றை அடைத்தும் விடும். நிரப்பும்போது அழுத்தம் ஏற ஏற, மரையின் மெல்லிய பிடி கழன்று வால்வு துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். நிரப்பும் ஊழியர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

பாதுகாப்புக்கான படிகள்:

1. சிலிண்டரின் கழுத்து மரையும் வால்வில் குத்தப்பட்ட மரை அளவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2. இரண்டில் ஒன்றில் குறி இல்லையென்றால், மரை அளவி வைத்திருக்கும் சோதனை நிலையத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். கையால் ஏறுகிறது என்பது சான்றாகாது.

3. வேறொரு சிலிண்டரின் வால்வை எடுத்து மாற்றிப் போடக் கூடாது. வால்வும் சிலிண்டரும் ஒன்றாகவே வாங்கப்பட வேண்டும்.

4. அழுத்தம் உள்ள சிலிண்டரின் வால்வை எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற முயலக் கூடாது. இறுகிப்போன கைப்பிடி காலியாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் செறிவூட்டிய காற்று) பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், ஆக்சிஜனுக்கு ஏற்பச் சுத்தம் செய்யப்பட்ட சிலிண்டரும் வால்வும் தேவையா என்பதை நிரப்பும் நிலையத்திடம் கேட்டுக்கொள்வது அவசியம். நேரடியாக ஆக்சிஜனை முதலில் ஏற்றிக் கலக்கும் முறையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பற்றும்.

பூச்சும் அடிப்பாகமும்

வண்ணப்பூச்சு மட்டும் உள்ள எஃகு கடலுக்கு உதவாது. அடியில் துத்தநாகப் பூச்சு இருக்க வேண்டும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த சாம்பல் நிறச் சிலிண்டர் அழகாக இராது, ஆனால் கீறல் பட்டாலும் துரு எளிதில் பரவாது. தடித்த பிளாஸ்டிக் உறை பூசிய பழைய சிலிண்டர்களைத் தவிர்க்க வேண்டும். உறைக்கு அடியில் துரு அரிப்பது வெளியே தெரிவதில்லை. உட்புறம் பிசின் பூசிய பழைய வகைகளும் அப்படியே. பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் தங்கும்.

அடிப்பாகம் குவிந்திருப்பதால் நிறுத்திவைக்க ரப்பர் பூட் மாட்டப்படுகிறது. நீர் வடிய ஓட்டைகளும் வரிப்பள்ளங்களும் உள்ள பூட்டையே வாங்க வேண்டும். வலைப்பின்னல் உறை கீறலைத் தடுக்கும், உப்பையும் பிடித்துவைக்கும்.

பழைய சிலிண்டர் வாங்கும்போது

நன்றாகப் பேணப்பட்ட எஃகு சிலிண்டர் பல பத்தாண்டுகள் உழைக்கும். 1960களில் செய்யப்பட்ட அமெரிக்க ‘எஃகு 72’ சிலிண்டர்கள் சோதனையில் தேறி இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. வயது மட்டும் குற்றமாகாது. பார்க்க வேண்டிய வரிசை:

1. முத்திரை, மறுசோதனைத் தேதி. தேதி கடந்திருந்தால் சோதனைச் செலவை விற்பவர் ஏற்று, தேறிய பிறகே பணம் கைமாற வேண்டும்.

2. பூட்டைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கழற்ற மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். துரு முதலில் குடியேறும் இடம் பூட்டின் மேல்விளிம்பு பதியும் கோடு. மேலோட்டமான செந்துருவைத் தேய்த்து நீக்கலாம். நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் சிலிண்டர் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

3. பக்கவாட்டில் விளக்கு அடித்து ஒடுக்கு, புடைப்பு, ஆழமான வெட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். வெல்டிங் பொறி பட்ட தழும்பு, தீயில் கருகிய வண்ணம் இரண்டும் உடனே நிராகரிக்க வேண்டியவை. அண்மையில் பூசிய புது வண்ணத்தைச் சந்தேகத்தோடு அணுகுவதே முறை.

4. வால்வைச் சற்றே திறந்து காற்றை முகர வேண்டும். எண்ணெய், ரப்பர், ஈர இரும்பு வாசனை எதுவும் கூடாது. காற்றே வரவில்லையென்றால், வால்வு திறந்தபடி கிடந்து ஈரம் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

5. தகுதி பெற்ற சோதகர் வால்வைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். லேசான பழுப்புத் துருவை உள்ளே உராய்வுக் கற்கள் இட்டு உருட்டி நீக்க முடியும். குழிகளும் வரியாக ஓடும் அரிப்பும் இருந்தால் நீக்கிப் பயனில்லை.

இந்தியாவில் வாங்குபவருக்கு

இந்தியாவில் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு இவற்றை நிர்வகிக்கிறது. வெளிநாட்டிலிருந்து சிலிண்டரை இறக்குமதி செய்ய அதன் அனுமதி வேண்டும். நிரப்புவதற்கும் மறுசோதனைக்கும் அங்கீகாரம் பெற்ற இடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி அனுப்பிவிட்டு, சுங்கத்தில் சிக்கிக்கொள்வதைவிட, அனுமதி பெற்ற இறக்குமதியாளரிடம் வாங்கி ரசீதையும் சோதனைச் சான்றையும் பெற்றுக்கொள்வதே சரியான வழி. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் முக்குளிப்பவர் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து, அந்தப் பணத்தில் நல்ல ரெகுலேட்டர் வாங்குவது புத்திசாலித்தனம்.

முதல் முக்குளிப்பும் வைத்துப் பேணுவதும்

புதிய சிலிண்டரை நேராக ஆழ்கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. எடையைச் சரிபார்க்கும் முறை:

1. பழைய ஈய அளவிலிருந்து கணக்கில் கிடைத்த வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டு, கரையருகே மணல் தரையில் இறங்க வேண்டும்.

2. சிலிண்டரில் 50 பார் மிஞ்சும்போது, மிதவைச் சட்டையைக் காலி செய்துவிட்டு 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே எழுந்தால் அரை கிலோ சேர்க்க வேண்டும்; அமிழ்ந்தால் அரை கிலோ குறைக்க வேண்டும்.

3. மறுமுறை நிறைந்த சிலிண்டரோடு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சட்டையில் காற்று இல்லாமல் துடுப்பு உதைத்து மேலெழ முடிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சிலிண்டரை நன்னீரில் கழுவி, பூட்டைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். கடலுக்குள் காற்றைக் கடைசிச் சொட்டு வரை தீர்க்கக் கூடாது. அழுத்தமில்லாத சிலிண்டருக்குள் நீர் நுழையும். நிரப்பும்போது குழாய் முனையிலும் வால்விலும் நீர்த்துளி இல்லாமல் துடைப்பது ஊழியரின் வேலைதான் என்றாலும், உரிமையாளரும் கவனிக்க வேண்டும். சிலிண்டருக்குள் போகும் ஈரத்தில் பெரும்பகுதி அந்தத் துளிகள் வழியாகத்தான் போகிறது.

மாதக்கணக்கில் வைப்பதானால், 20 பார் அளவு உலர்ந்த காற்றை விட்டு, வெயிலும் சூடும் படாத இடத்தில் நிறுத்தி, விழாதபடி சங்கிலியிட்டு வைக்க வேண்டும். நிறுத்திவைத்தால் உள்ளே ஈரம் இருந்தாலும் சுவர் தடித்த அடிப்பாகத்தில் தங்கும். படுக்க வைத்தால் மெல்லிய பக்கச் சுவரை அரிக்கும். காரின் பின்பெட்டியில் வெயிலில் விடுவதும் கூடாது. துரு ஏறும்போது உள்ளிருக்கும் காற்றின் ஆக்சிஜன் குறைகிறது. நிறமும் மணமும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே நெடுநாள் கிடந்த எஃகு சிலிண்டரின் காற்றை மெதுவாக வெளியேற்றி, உள்பார்வைச் சோதனை முடித்து, புதிதாக நிரப்பிய பிறகே முக்குளிக்க வேண்டும்.